எதுவரைக்கும் என்று கேட்கத் தெரிய வேண்டும்

பர்மாவில், யாங்கோனிலோ மோல்மேனிலோ ஒரு தமிழ் ஜெபக்கூட்டத்தில் "சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம்" என்றதும் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். விசா கிடைத்தவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர், மகளுக்கு வரன் அமைந்தவர். ஜெபித்தும் கிடைக்காதவர் எழுவதில்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் மகன் பெயர் பட்டியலில் வந்துவிட்ட தாய் எழுந்து, "ஏன் ஆண்டவர் என் பிள்ளையைக் காக்கவில்லை?" என்று கேட்டால், கூட்டம் நடத்துகிறவர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவார். கெட்ட எண்ணத்தால் செய்வதல்ல. அந்தக் கேள்வியை என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அநியாயம் நேர்ந்த அன்றே விசுவாசத்தை விட்டுவிடுகிறவர்கள் குறைவு. முறையிட இடமில்லாமல் வாயை மூடிக்கொண்டு, முதலில் ஜெபக்கூட்டத்துக்கு வராமல், பிறகு ஆராதனைக்கும் வராமல், கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகிறவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. வேதத்தில் முறையிடுவதற்கு இடம் இருக்கிறது, முறையும் இருக்கிறது. சங்கீதங்கள் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். நம் பாட்டுப்புத்தகங்களிலும் ஞாயிறு ஜெபங்களிலும் அந்த விகிதம் இல்லை. அதனால் இந்த ஜெபத்தை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பர்மாத் தமிழருக்கு முறையிடக் காரணங்கள் குறைவில்லை. 1941 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், இன்றைய யாங்கோனான ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், காடு மலை வழியாகக் கால்நடையாகவும் ஓடினார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமற்போயின. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகளுக்கும் அதே கதி. 1982 குடியுரிமைச் சட்டம் ஒரே தெருவில் பிறந்தவர்களுக்கு வெவ்வேறு நிறத்தில் அடையாள அட்டை கொடுத்தது. 2008 மே மாதத்து நர்கீஸ் புயலில் ஏறக்குறைய 138,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். பிறகு 2021 ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு, பிறகு 2025 மார்ச் 28 நிலநடுக்கம். இவற்றில் ஒன்றாவது தொடாத குடும்பம் நம்மிடையே இருக்காது.

இப்படி ஒன்று நேர்ந்த வீட்டுக்கு விளக்கங்கள் தாமாக வந்து சேரும். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி பரிவோடு "கான் மகௌங் பூ", அதாவது கர்மபலன் நல்லதாக இல்லை, என்பார். நம் இந்து உறவினர் வினை என்பார்கள், தலையெழுத்து என்பார்கள். அவர்கள் தங்கள் நம்பிக்கையிலிருந்து ஆறுதல் சொல்கிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. எனக்கு வருத்தம் தருவது சபைக்குள்ளிருந்து வரும் விளக்கம்: "வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்." "தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தீர்களா?" இது இயேசு நேரடியாக மறுத்த போதனை. லூக்கா 13-ஐத் திறந்து பாருங்கள். இரண்டு செய்திகள் அவர் முன் நிற்கின்றன. ஒன்று, பிலாத்து கலிலேயரைக் கொன்று அவர்கள் இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடு கலந்தது. மனிதன் செய்த கொடுமை. இன்னொன்று, சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப்பேர் செத்தது, விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டுவிட்டு, இரண்டு முறையும் அவரே "அப்படியல்ல" என்கிறார். அடுத்து மனந்திரும்பச் சொல்கிறார். அதை இறந்தவர்கள் வீட்டுக்குச் சொல்லவில்லை, உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்கிறார்.

மண்டலையிலும் சகாயிங்கிலும் அந்த மார்ச் 28 வெள்ளிக்கிழமை. முஸ்லிம்களுக்கு ரமலான் மாதம், கிறிஸ்தவர்களுக்கு லெந்து காலம். மசூதியில் தொழுகைக்கு நின்றவர்கள் மேல் சுவர் விழுந்தது, மடாலயத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த துறவிகள் மேல் கட்டடம் சரிந்தது, தேவாலயங்களும் இடிந்தன. 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் பாவி, யார் நீதிமான் என்று அந்த இடிபாட்டில் யாராலும் பிரித்திருக்க முடியாது. லூக்கா 13-ஐ வாசித்த ஒரு கிறிஸ்தவர் பிரிக்க முயலவும் கூடாது.

ஆகவே முதல் வேலை, நேர்ந்தது எந்த வகை என்று தெளிவாக்கிக்கொள்வது. கோபுரம் விழுந்த வகை என்றால் குற்றவாளி என்று காட்ட ஆள் இல்லை. கேள்வி நேரே கடவுளிடம் போக வேண்டும். பிலாத்து செய்த வகை என்றால் தீங்கு செய்தவன் இருக்கிறான். அவனைப் பெயர் சொல்லியே ஜெபிக்கலாம். மூன்றாவது வகையும் உண்டு: நம்முடைய தவறான முடிவின் விளைவு. அது வேறொருவர் முன் மறைக்காமல் அறிக்கையிடப்பட வேண்டியது. நான்காவது, பிறரோடு ஒப்பிட்டு வரும் வேதனை. பெரும்பாலும் இவை கலந்தே வரும். தாளில் நாலு வரியாகப் பிரித்து எழுதிவிட்டால், தன் தவறு ஒரு பங்குதான் என்பது கண்ணுக்குத் தெரியும். எல்லாமே தன்னால்தான் என்று தன்னையே தின்றுகொண்டிருக்கும் ஒருவருக்கு அது பெரிய உதவி.

அடுத்து ஜெபம். தொடங்க 13-ஆம் சங்கீதத்தைவிட நல்ல மாதிரி இல்லை. ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் முறையீடு. "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." இந்தக் கட்டமைப்பை வைத்துக்கொண்டு தன் சொந்த முறையீட்டை எழுத வேண்டும். ஒரு பக்கத் தாளும் பதினைந்து நிமிடமும் போதும். கரண்டு எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் பக்கத்தில் இருக்கட்டும்; போன் வெளிச்சத்தில் எழுத உட்கார்ந்தால் கை தானாக ஃபேஸ்புக்குக்குப் போய்விடும்.

முதலில் சங்கீதத்தைச் சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். பிறகு யாரிடம் பேசுகிறோம் என்பதை எழுதுங்கள்: "ஆண்டவரே", "அப்பா", எது வாயில் வருகிறதோ அது. பிறகு முறையீடு நாலைந்து வரி, விண்ணப்பம் இரண்டு மூன்று வரி, முடிந்தால் நம்பிக்கை ஒரு வரி. மேலே தேதி போடுங்கள். எழுதியதைக் குரல் கொடுத்து வாசியுங்கள். மகன் ராணுவத்துக்குப் போய்விட்ட தாய் எழுதினால் இப்படி இருக்கலாம்:

"ஆண்டவரே, பிள்ளையிடமிருந்து போன் வந்து எத்தனை வாரமாயிற்று என்று உமக்குத் தெரியும். எதுவரைக்கும் நான் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடப்பேன்? பணம் கொடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் தூங்குகிறார்கள். அது உமது கண்ணில் படவில்லையா? என்னைப் பாரும். இந்த வாரம் அவன் குரலைக் கேட்கப் பண்ணும். நான் நிலைகுலைந்து போகாமல் பிடித்துக்கொள்ளும். உம்முடைய கிருபையை நம்பத்தான் பார்க்கிறேன். அவன் பிறந்த அன்று உம்மைப் பாடினேன், திரும்பவும் பாடவையும்."

இதில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. மிகச் சாதாரணமானது, மூன்றாம் வரியிலேயே "ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று தாவிவிடுவது. பழக்கம் கையைப் பிடித்து இழுக்கிறது. அப்படி எழுதிவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு, முறையீட்டில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். இரண்டாவது, கடவுளிடம் பேசாமல் கடவுளைப் பற்றிப் பேசுவது. "கர்த்தர் ஏன் இப்படிச் செய்தார்" என்று எழுதினால் அது விசாரம். "நீர் ஏன் இப்படிச் செய்தீர்" என்று எழுதினால் ஜெபம். மூன்றாவது, பொதுவாக எழுதுவது. "என் கஷ்டங்களை நினைத்தருளும்" என்பதில் ஒன்றுமில்லை. எந்தக் கடன், எந்த அறிக்கை, எந்த ஆள், எந்த இரவு என்று எழுத வேண்டும். நான்காவது, நம்பிக்கை வரியைப் பொய்யாக எழுதுவது. வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். தேதி மட்டும் இருக்கட்டும். அடுத்த வாரம் அதே தாளை எடுத்துப் பாருங்கள்.

அந்த வரி பல மாதம் வராமலே போகலாம். அவர்களுக்காகத்தான் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்ற முறையீடுகள் ஏதோ ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்புவதேயில்லை. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று இருளிலேயே முடிகிறது. அப்படியும் அது இஸ்ரவேலின் பாட்டுப்புத்தகத்தில் இடம் பெற்றது, ஆலயத்தில் பாடப்பட்டது. முதல் வசனத்தில் மட்டும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்ற அழைப்பு இருக்கிறது. சில காலங்களில் ஒரு விசுவாசியிடம் மிஞ்சுவது அந்த அழைப்பு மட்டுமே. அதற்கு மேல் அவரிடம் கேட்கக் கூடாது.

தமிழில் எழுதத் தெரியாத பிள்ளைகள் பர்மிய மொழியிலேயே எழுதட்டும். பாட்டி தமிழ் வேதாகமத்திலும் பேரன், ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி மொழிபெயர்த்த பர்மிய வேதாகமத்திலும் ஒரே சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. குடும்ப ஜெபத்தில் முறையிட அதுவே நல்ல வழி: ஒரு மொழியில் ஒரு வசனம், மறு மொழியில் அடுத்தது. நடுவில் விளக்கம் வேண்டாம். கத்தோலிக்க வீடுகளில் லெந்து வெள்ளிக்கிழமைகளின் சிலுவைப்பாதை இந்த வேலையைச் செய்கிறது. பதினான்கு நிலைகளிலும் நின்று துன்பத்தைப் பார்க்கச் சொல்லும் ஜெபம் அது. லெந்து முடிந்த பிறகும், அவரவர் வீட்டில், ஒரே ஒரு நிலையை எடுத்து ஜெபிக்கலாம்.

சபையாகக் கூடி முறையிட 44-ஆம் சங்கீதம். இந்த நாட்டுச் சபைகள் அதை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. "இதெல்லாம் எங்கள்மேல் வந்திருந்தும், உம்மை நாங்கள் மறக்கவும் இல்லை" என்று அது துணிந்து சொல்கிறது. நாங்கள் செய்த பாவத்துக்காக இது வந்தது என்று ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு "விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று ஆண்டவரையே எழுப்புகிறது. ஆராதனையில் ஐந்து நிமிடம் போதும். ஒருவர் வாசிக்க, சபை "எழுந்தருளும்" என்று பதில் சொல்ல, பின் ஒரு நிமிட மௌனம். உடனே கைதட்டும் பாட்டு வேண்டாம்.

ஒப்பிட்டு வரும் வேதனைக்கு 73-ஆம் சங்கீதம் தனி மருந்து. ஒரே வருஷம் ஒரே பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், இன்னொருவர் இங்கே ஜெனரேட்டருக்கு டீசல் தேடுகிறார். குறுக்குவழியில் போனவர் வீடு கட்டிவிட்டார். அந்தச் சங்கீதக்காரர் ஆசாப் இதை அப்படியே எழுதுகிறார்: வீம்புக்காரர்மேல் பொறாமை கொண்டேன், விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன். மொத்தம் 28 வசனம். திருப்பம் வருவது 17-ஆம் வசனத்தில், பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகு. அதுவரை பதினாறு வசனங்களில் பெரும்பகுதி மனக்கசப்பு. அவசரப்படுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 15-ஆம் வசனத்தில் ஒரு நடைமுறை ஞானமும் இருக்கிறது: இப்படியே வெளியில் பேசியிருந்தால் உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்கிறார். ஆண்டவரிடம் எல்லாவற்றையும் பேசினார். சின்னப் பிள்ளைகள் முன்னால் கொட்டவில்லை. ஆகவே மனம் கொதிக்கும் நாளில் பேச ஒன்றிரண்டு முதிர்ந்தவர்களை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள். சொன்னதை வெளியில் சொல்லாதவராக, உடனே பதில் சொல்ல முயலாதவராக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் படங்கள் வரும் போனை அந்த வாரங்களில் ராத்திரி ஜெபத்துக்கு முன் தொடாதிருப்பது நல்லது.

அதோனிராம் ஜட்சனை இந்த நாட்டில் எல்லாச் சபையாருக்கும் தெரியும். அவர் பெயரில் விழா எடுக்கிறோம். அவர் பட்ட இருட்டைச் சொல்லுவதில்லை. 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மிய விசுவாசி மவுங் நாவ் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். ஆறு வருஷக் காத்திருப்பு. ஆங்கிலேயரோடு போர் மூண்டிருந்தபோது, 1824 ஜூனில், தலைநகர் ஆவாவில் ஒற்றன் என்று பிடிபட்டு லெட்மயூன் சிறையில் விலங்கிடப்பட்டார். அவர் ஆங்கிலேயரும் அல்ல, அமெரிக்கர். இரவில் கைதிகளின் கால்களை மூங்கில் கழியில் கோத்து உயர்த்திவிடுவார்கள். மனைவி ஆன் கர்ப்பிணியாக அதிகாரி வீடு வீடாக நடந்து மன்றாடினார். மொழிபெயர்ப்புக் கையெழுத்துப்படி ஒரு தலையணைக்குள் ஒளித்து வைக்கப்பட்டது. பிறகு அவுங்பின்லே சிறை. இத்தனையும் தாண்டி விடுதலையாகி, 1826 அக்டோபர் 24 அன்று ஆம்ஹர்ஸ்டில், அதாவது இன்றைய சைக்கமியில், ஆன் காய்ச்சலில் இறந்தார். ஜட்சன் அப்போது ஊரில் இல்லை. ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். அவர் மோல்மேன் அருகே காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். தனக்கே ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆன் இறந்த மூன்றாம் நினைவு நாளில், 1829-இல், தேவன் தனக்கு அறியப்படாத பெரியவராக இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் காணவில்லை என்று கடிதத்தில் எழுதினார். பர்மிய வேதாகமத்தைத் தந்த மனிதர் இப்படி எழுதினார். எழுதியதை மறைக்கவும் இல்லை, ஊழியத்திலிருந்து விலகவும் இல்லை. மொழிபெயர்ப்பு மேசைக்குத் திரும்பினார். 1834 ஜனவரி 31 அன்று கடைசிப் பக்கம் முடிந்தது. திருத்தம் முடிய 1840 ஆயிற்று. "விசுவாசம் இருந்தால் இப்படித் துவண்டு போவார்களா?" என்று கேட்கிறவர்களிடம் இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்லலாம்.

துவண்டு போகும் உடம்பைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் இதில் பெரிய தவறு நடக்கிறது. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னான். கர்த்தர் கேள்வி கேட்பது அதற்கு வெகு நாள் கழித்து, ஓரேப் மலையில். நாமோ சாப்பாடு இறங்காதவரை உபவாச ஜெபத்துக்கு அழைக்கிறோம். தூக்கமில்லாதவரை முழு இரவு ஜெபத்துக்குக் கூப்பிடுகிறோம். அது ஆகாது. இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை விழுங்குவது விசுவாசக் குறைவு அல்ல. "இருந்து என்ன பயன்", "செத்துப்போனால் தேவலை" என்று வாய் தவறிச் சொன்னாலும் அதை லேசாக எடுக்காதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் சேர்த்து வைத்த மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு யோபின் நண்பர்கள் ஒரு வாரம் நல்ல மாதிரி. ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூட உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாய் திறந்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்தது அவர்களைத்தான். கத்தி, வழக்காடி, பிறந்த நாளைச் சபித்த யோபு நிதானமாய், அதாவது சரியாய்ப் பேசினான் என்றார். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படியேறுங்கள்.

இரண்டு பேர் போதும், பத்துப் பேர் வேண்டாம். அந்த வீட்டார் பத்துப் பேருக்குத் தேநீர் போட வேண்டியிருக்கும். இருட்டுமுன் போய் இருட்டுமுன் திரும்புங்கள். முக்கால் மணி நேரம் போதும். "அக்கா, என்ன சொல்றதுன்னே தெரியல. சும்மா கூட இருக்கலாம்னு வந்தோம்" என்பது போதுமான பேச்சு. "கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கு", "அவரைவிட மோசமா இருக்கறவங்களை நினைச்சுப் பாருங்க", "நல்லவங்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கறார்" ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். ரோமர் 8:28-ஐத் துன்பப்படுகிறவர் தானே சொல்லிக்கொள்ளலாம். முதல் வாரங்களில் அதை அவர்மேல் வைத்துச் சொல்லுகிற உரிமை நமக்கில்லை. அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் முன்னால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல்செய்கிறார் என்று இருக்கிறது. அது அந்த வீட்டுக்குப் பொருத்தம். ஜெபிக்குமுன் "எதுக்காக ஜெபிக்கட்டும், அக்கா?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை மட்டும், இரண்டு நிமிடத்துக்குள் ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் அறிவுரையை நுழைக்காதீர்கள். "எங்கள் சகோதரிக்குப் பொறுமையைத் தாரும்" என்று நாம் சொல்லும்போது பொறுமை இல்லை என்ற குற்றச்சாட்டுத்தான் அவர் காதில் விழும்.

கையில் என்ன கொண்டு போவது? நம் ஊர்ச் சபைகளில் தாய்மார் உலை வைக்கும்போது பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அதை இதற்காகத் தொடங்கலாம். காலையும் மாலையும் ஒவ்வொரு பிடி. ஒரு பிடி சுமார் 40 கிராம். பத்து வீடு சேர்ந்தால் வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் வரும். பர்மியப் படியில் அது ஏறக்குறைய இரண்டரைப் 'பீ'. ஒரு பீ என்பது பால்டின்னால் எட்டு அளவு, கிட்டத்தட்ட 2 கிலோ. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நான்கு நாள் சாப்பாடு. வெவ்வேறு வீட்டு அரிசியை ஒன்றாகக் கொட்டாதீர்கள். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்தால் ஒன்று வேகும், இன்னொன்று குழையும். ரகம் பார்த்துத் தனித்தனிப் பையில் கட்டுங்கள். மழைக்காலத்தில் வாரம் தாண்டி வைத்தால் வண்டு பிடிக்கும். அதோடு கரி, மெழுகுவர்த்தி, போன் டாப்-அப் கார்டு. பிள்ளை தூரத்தில் இருக்கும் வீட்டில் டாப்-அப் கார்டு அரிசியைவிட அவசரம். கொடுத்ததைப் படமெடுத்து எங்கும் போடாதீர்கள்.

தீங்கு செய்தவன் உள்ள வகையில் இன்னும் இரண்டு காரியம் உண்டு. பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொன்னது நம் கோபத்தை அவரிடம் ஒப்படைக்கத்தான். கோபமே வரக்கூடாது என்பதற்காக அல்ல. சபிக்கும் சங்கீதங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. அவற்றை ஜெபித்த கை கத்தியை எடுக்க வேண்டியதில்லை. "மன்னித்துவிட்டீர்களா?" என்று முதல் மாதத்தில் யாரும் கேட்க வேண்டாம். மன்னிப்பு வரும்போது வரட்டும். அதற்கு முன்பு தீங்கு என்ன என்று முழுதாகச் சொல்லப்பட வேண்டும். இரண்டாவது, நியாயம் தேடுவது விசுவாசத்துக்கு விரோதமல்ல. லூக்கா 18-இன் விதவை நியாயாதிபதியைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தாள். இயேசு அவளை ஜெபத்துக்கு மாதிரியாக வைத்தார். பவுல் பிலிப்பியில் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அதிகாரிகளை நேரில் வரவழைத்தார். செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். ஆகவே அட்டைக்காக, சொத்துக்காக, காணாமற்போன பிள்ளைக்காக அலைகிறவரிடம் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், விடுங்கள்" என்று சொல்லாமல் கூடப் போங்கள். குடும்பப் பட்டியல், அட்டைகள், ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்க உதவுங்கள். பல குடும்பங்களுக்குச் சபைப் பதிவேட்டில் உள்ள பெயர்தான் பழைய எழுத்துச் சான்று. அதை ஈரமும் கரையானும் படாமல் காப்பதும் ஊழியம்தான்.

பாட முடியாதவர் ஆராதனைக்கு வந்து என்ன செய்வது? சும்மா நிற்கலாம். திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்தபோது, இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். சுமக்கப்பட்டவனிடம் எவ்வளவு இருந்தது என்று சொல்லவில்லை. விசுவாசப்பிரமாணத்தைச் சபை சொல்லும்போது வாய் அசையாமல் நின்றாலும் அவரும் சபைக்குள்தான் நிற்கிறார். நற்கருணை வாங்க முன்னே வர முடிந்தால் வரட்டும். பின்வரிசையில், கதவோரம் அவருக்கு இடம் வைத்திருங்கள். அழுகை வந்தால் எழுந்து போவது சுலபம். எழுந்து போனால் யாரும் பின்னாலேயே ஓட வேண்டாம். தெரிந்த ஒருவர் மட்டும் சற்றுக் கழித்து வெளியே போய்ப் பார்க்கட்டும்.

கடைசியாகக் காலக்கணக்கு. அடக்கம் முடிந்த வாரம் வீடு நிறைய ஆள். மூன்றாம் மாதம் யாரும் இல்லை; கடன்காரர் வருவதும் தூக்கம் முழுதாகப் போவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே சபையில் ஒருவர் நோட்டில் தேதி குறித்து வைத்து, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் வருஷ நினைவு நாளுக்கு முந்தின நாளும் போக ஏற்பாடு செய்ய வேண்டும். கிறிஸ்துமஸும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞானும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். ஊரே தண்ணீர் தெளித்துக் கொண்டாடும் நாலு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் உண்டு. அவர் இதற்குள் ஆராதனைக்கு வருவதை நிறுத்தியிருந்தால், ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அரிசிப் பையைக் கொடுங்கள், பிள்ளைகளை விசாரியுங்கள், அவர் எழுதி வைத்த தாள் இருந்தால், அவர் சம்மதித்தால், அதைச் சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். அடுத்து எந்த வாரம் வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் போங்கள்.